சிவப்பு வரி

அத்தியாயம் 11

அண்ணிக்குக் கடிதம் வந்த விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதிலேயே போன வாரம் முழுக்கப் போனது. நாடகக் குடும்பமாயிற்றே, அதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். வெளியூரில் பெரிய நாடகக் குழு நடத்தும் ஒரு அம்மாள் சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு வருகிறாள். கடைசிக் காட்சியில் ராணி பேசும் அந்த ஒரு பக்க வசனத்தை அண்ணி வாயால் கேட்கத்தான் வருகிறாள். பிடித்துவிட்டால் இரண்டு வருஷத்துக்கு அண்ணியை ஊர் ஊராகக் கூட்டிப்போவாள், கதாநாயகியாக.

குழுவை நடத்தும் அவள் மாமனார், பெரியவர், குதிக்கப்போகிறார், ராணி வேஷத்தைப் பிடுங்கப்போகிறார் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அவர் மருமகளுக்குப் புதிதாக ராணி அங்கி தைக்கச் சொன்னார். "நம்ம மானத்தைக் காப்பாத்தும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அண்ணிக்குக் கண் கலங்கியது. பெரியவரின் மகள் மட்டும் அந்தச் சிரிப்பை நம்பவில்லை.

மகளை எல்லோரும் பேனா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்து மூன்று வயது. விரலில் எப்போதும் மை. குழுவில் யாருக்கும் முழு நாடகமும் கையில் கிடைக்காது, அது தாத்தா காலத்துச் சட்டம். அந்தக் காலத்தில் எதிர்க்குழுக்காரர்கள் நாடகத்தையே திருடிக்கொண்டு போனார்களாம். அதனால் அவரவர் வசனம் மட்டும் அவரவர் தாளில். அடுத்தவர் எதைச் சொல்லி முடித்தால் இவர் ஆரம்பிக்க வேண்டுமோ, அந்த ஒரு வரி சிவப்பு மையில். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. சிவப்பு வரி காதில் விழாமல் வாயைத் திறக்கவே கூடாது. இத்தனை தாளையும் எழுதுகிற கை பேனாவுடையது.

சனிக்கிழமை காலை, மேஜைமேல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மூணு தாள் புதுசா எழுதணும். ராஜாவுக்கு ஒண்ணு, லைட்டுக்கு ஒண்ணு, திரைக்காரனுக்கு ஒண்ணு."

ராஜா என்றால் அவள் அண்ணன்தான், மேடையிலும் ராஜா, வீட்டிலும் அப்படித்தான் நினைப்பு. லைட்டு என்றால் மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர். அந்தப் பேரைக் கேட்டதும் பேனா குனிந்துகொண்டாள்.

"கடைசிக் காட்சி. ராஜா போறதுக்கு முன்னால ஒரு கேள்வி கேப்பான் இல்ல, 'உனக்கு இன்னும் என்ன வேண்டும்?'னு. அதை எடுத்துடு. கேக்காம அப்படியே வெளியே போறான். திரைக்காரன் தகரத்தை அடிச்சு இடிச் சத்தம் கொடுக்கணும். லைட்டு எல்லாத்தையும் அணைக்கணும். திரை விழணும்."

பேனா எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, அந்தக் கேள்விதானே அண்ணிக்கு சிவப்பு வரி?"

"ஆமா."

"அது வரலேன்னா அவங்க எப்படிப் பேசுவாங்க?"

"பேச மாட்டா."

"அப்போ அவங்க தாளையும் மாத்தணுமேப்பா."

"அது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

பெரியவர் ஜன்னலோரம் போய் நின்றார்.

"போகாதேன்னு சொன்னா ரோஷம் வரும், போயிடுவா. நான் எதுக்கு சொல்லணும்? மேடையே சொல்லட்டும். தன்னால முடியலைன்னு அவளுக்கே தோணிட்டா காலத்துக்கும் வீட்டுல இருப்பா. உங்கண்ணன் குடும்பம் உடையாம இருக்கும்."

பேனா தாளை ஓரமாகத் தள்ளினாள்.

"லைட்டு வீட்டுல பேசச் சொல்லி ரெண்டு வருஷமா உங்கம்மாகிட்ட அழறியாமே?"

பேனாவின் காது சூடானது.

"நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அவங்க பெரியவங்களை வரச் சொல்லப்போறேன். நானும் மனுஷன்தானே. எழுது."

எழுதினாள். மூன்று தாள். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாக விழுந்தது. ஒரு எழுத்தாவது கோணியிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது.

அண்ணன் தன் தாளை வாங்கி நின்றபடியே படித்தான். கடைசிக்கு வந்ததும் புருவம் ஏறியது.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"அடுத்தவங்க தாளைப் பத்திப் பேசக்கூடாதுண்ணா."

"அதுவும் சரிதான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "இன்னைக்கு டீ யாரு போட்டது? தண்ணி மாதிரி இருக்கு."

எட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்காக அவன் வருத்தப்பட்டது அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இந்த வீட்டில் இரண்டு நாடகங்களுக்கும் செல்லப்பெயர் உண்டு. சனிக்கிழமை நாடகம் 'பொல்லாதவ'. அதில் ராணி புருஷனைக் கொலைக்குத் தூண்டிவிட்டு அரச முடியைப் பிடிக்க வைப்பாள், கடைசிப் பேச்சு முடிந்ததும் செத்துப்போவாள். ஞாயிற்றுக்கிழமை நாடகம் 'நல்லவ'. அதில் பெண்டாட்டி முப்பது வருஷம் வாசலைப் பார்த்தே காத்திருந்து, புருஷன் கிழவனாகத் திரும்பி வந்ததும் காலடியில் செத்துப்போவாள். நல்லவ வேஷம் பேனாவுக்கு. திரும்பி வரும் கிழவர் வேஷம் பெரியவருக்கு.

"எனக்கு ஒரு சந்தேகம் மாமா" என்றாள் அண்ணி. கல்யாணத்துக்கு முன்னால் கணக்கு டீச்சராக இருந்தவள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் விடமாட்டாள். "பொல்லாதவ வேணும்னு கேட்டா, செத்துப்போறா. நல்லவ எதுவுமே கேக்கலை, அவளும் செத்துப்போறா. ஆசைப்பட்டாலும் சாவு, அன்பு வச்சாலும் சாவு. ராஜா கொலையே பண்றான், அவன் நல்லா இருக்கான். இந்தக் கிழவன் முப்பது வருஷம் இன்னொருத்தியோட இருந்துட்டு வரான், அவனும் நல்லா இருக்கான். இது என்ன கணக்கு?"

பெரியவர் ரசித்துச் சிரித்தார். "கைதட்டுல வித்தியாசம் இருக்கும்மா. நல்லவ செத்தா ஜனம் அழுதுகிட்டே தட்டும். பொல்லாதவ செத்தா, 'அப்பாடா, ஒழிஞ்சா'ன்னு தட்டும்."

"தட்டறதுல பாதி பேர் பொம்பளைங்க மாமா."

"அவங்கதான் பலமா தட்டுவாங்க" என்றான் அண்ணன், வாயில் சோற்றோடு.

அம்மா முழங்காலை நீவிக்கொண்டே சிரித்தாள். இருபத்திரண்டு வருஷம் ராணியாக நின்ற கால். "நான் ராணியா இருந்தப்பவும் இப்படி ஒருத்தர் பார்க்க வந்தார், முப்பது வருஷம் இருக்கும். கடைசிப் பேச்சுல அப்படியே நின்னுட்டேன். உங்க மாமாதான் அப்போ ராஜா. அவர் கேட்ட கேள்வியே என் காதுல விழலை, தகரத்துல அந்த இடி இடிச்சுட்டான் பாவி. வந்தவர் எழுந்து போயிட்டார்."

"ஐயோ, அப்புறம் அத்தை?"

"வேற ஆம்பளையா இருந்தா மேடைக்குப் பின்னாலேயே அறைஞ்சிருப்பான். இவர் என்ன சொன்னார் தெரியுமா? 'மேடையில நாக்கு ஒட்டிக்கிட்டா என்ன, வீட்டுல உன் வாயை யார் அடைக்கப்போறா? வா, போலாம்'னார்." அம்மாவின் முகம் இருபது வயது குறைந்தது. "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் இந்த வீட்டுல இருக்கேன். அன்புன்னா அதுதாண்டி."

பெரியவர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஒப்பனை அறை. புதிய அங்கியில் அண்ணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது.

"பேனா, ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்துடறேன். நீ ராஜாவா இரு. அந்தக் கேள்வியைக் கேளு."

"எனக்கு வேலை இருக்கு அண்ணி."

"ஒரு நிமிஷம்டி. உங்கண்ணன் பிகு பண்றார்."

பேனா சுவரோடு சாய்ந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"உனக்கு இன்னும் என்ன வேண்டும்?"

அண்ணி எழுந்தாள். அந்தக் குறுகலான அறை திடீரென்று பெரிதானது போலிருந்தது.

"எனக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள். இந்த முடியை நான் நினைத்தேன், நீங்கள் சூடினீர்கள். அந்த இரவை நான் திட்டமிட்டேன், நீங்கள் தூங்கி எழுந்து அரசரானீர்கள். பாவத்தில் மட்டும் எனக்குச் சரிபாதி, சிம்மாசனத்தில் ஒரு ஓரம்கூட இல்லை. அன்பு வைத்தவள் ஆசைப்படக் கூடாது என்று யார் எழுதினார்கள்? எழுதிய கை ஒரு பெண்ணின் கையாக இருந்தால், அந்தக் கையை எனக்குக் காட்டுங்கள்..."

ஒரு பக்கமும் பேசி முடித்தாள். பேனா மைக்கறை படிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கு அண்ணி."

"அழுதுட்டியா என்ன!" அண்ணி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "கேளு, நான் போனா அடுத்த ராணி நீதான். மாமாகிட்ட நான் சண்டை போட்டு வாங்கித்தரேன். ஞாயித்துக்கிழமையானா செத்து செத்து விழறியே, அலுக்கலை உனக்கு?"

இப்போதே சொல்லிவிடலாம். 'சிவப்பு வரி வராது அண்ணி, நீங்களா ஆரம்பிச்சுடுங்க.' ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியதுதான். ஆனால் நாளைக்கு லைட்டு வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். முப்பத்து நாலாவது வயதை அவளும் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டாம்.

"முதல் மணி அடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நாலு மணிக்குத் திரை ஏறியது. வெளியூர் அம்மாள் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். முதல் காட்சி முடிவதற்குள் பைமேலிருந்த கை கன்னத்துக்குப் போனது. மூன்றாம் காட்சியில் முன்னால் சாய்ந்துவிட்டாள். அண்ணி அப்படி நடித்தாள்.

திரைக்குப் பக்கத்து மறைவில் ஒரு நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ராணியின் ஒவ்வொரு வசனத்தையும் சத்தமில்லாமல் கூடவே சொன்னாள். பேனா நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

கடைசிக் காட்சி. ராஜா முடியோடு நிற்கிறான். ராணி அவன் எதிரே.

"இனி நீ அந்தப்புரத்தில் இரு" என்றான் அண்ணன்.

அம்மாவின் உதடு அடுத்த வரிக்குத் தயாரானது. அண்ணியும் மூச்சை இழுத்து நிமிர்ந்தாள்.

அண்ணன் திரும்பினான். நடந்தான். வெளியே போனான்.

தகரம் இடித்தது. அண்ணியின் முகத்தில் ஒரு குழப்பம், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் மாதிரி. அவன் போன பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வாய் திறந்தது. எட்டு வருஷமாகப் பேனா எழுதிக்கொடுத்த தாள்களில் பழகிய வாய், சிவப்பு வரி இல்லாமல் சத்தம் போடத் தெரியாத வாய்.

விளக்கு அணைந்தது. திரை விழுந்தது. ஜனம் இடி மாதிரி கைதட்டியது.

அம்மா மட்டும் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அவன் கேக்கவே இல்லையே" என்றாள் மெதுவாக.

மேடைக்குப் பின்னால் வெளியூர் அம்மாள் வந்தாள். "அந்தப் பேச்சை எடுத்துட்டீங்களா? அதைக் கேக்கத்தான் ஆறு மணி நேரம் பஸ்ல வந்தேன்."

"எடுப்போமா!" என்றார் பெரியவர். "குழந்தை பதட்டத்துல விட்டுட்டா. பாவம், பழக்கம் பத்தாது."

"நடிப்பு பிரமாதம்தான். ஆனா நடுமேடையில மறந்து நிக்கறவங்களைக் கூட்டிட்டு ஊர் ஊரா போக முடியாதுங்க." கைப்பையை டக்கென்று மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணி புருஷனிடம் ஓடினாள். அங்கி தடுக்கியது.

"நீங்க கேக்கலை. நீங்க என்னைக் கேக்கலைங்க!"

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தன் தலையிலிருந்த அட்டை முடியைக் கழற்றினான்.

"கேட்டேனே. உன் காதுல விழலையா?"

"கேட்டீங்களா?"

"நல்லா சத்தமாத்தான் கேட்டேன். தகரம் அடிச்சான் இல்ல, அதுல உனக்குக் கேட்டிருக்காது."

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். கூட்டிக் கழித்தாள். எட்டு வருஷத்துப் புருஷன் ஒரு பக்கம், தன் காது ஒரு பக்கம். தன் காதைத்தான் கழித்தாள்.

"அப்போ நான்தான்... என் தப்புதான் மாமா. எல்லாருடைய பேரையும் கெடுத்துட்டேன்." கையெடுத்துக் கும்பிட்டாள், கண் மை கன்னத்தில் இறங்க.

பெரியவர் அவள் தலையில் கை வைத்தார். குரலில் அத்தனை கனிவு.

"அழாதேம்மா. மேடையில நாக்கு ஒட்டிக்கிட்டா என்ன, வீட்டுல உன் வாயை யார் அடைக்கப்போறா? வா, போலாம்."

நாற்காலி கிறீச்சென்றது. அம்மா எழுந்து நின்றிருந்தாள், முழங்கால் வலியை மறந்து. புருஷன் முகத்தைப் பார்த்தாள், மகன் முகத்தைப் பார்த்தாள், மூலையில் தொங்கிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய ஒரு பெட்டியைத் திறந்து, அது காலி என்று பார்த்தவளைப் போல இருந்தது அவள் முகம்.

பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தார். ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த லைட்டைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆட்டத்துக்கு உங்க பெரியவங்களை வரச் சொல்லு. முடிஞ்சதும் பேசிடலாம். ரெண்டு பேரும் இன்னைக்கு நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

எல்லோரும் கலைந்தார்கள். லைட்டு ஒயரைச் சுற்றிக்கொண்டே பேனா பக்கம் வந்தார். சட்டைப்பையிலிருந்து தன் தாளை எடுத்தார்.

"ரெண்டு பேரும்னாரே, ஏன்?"

பேனா தரையைப் பார்த்தாள்.

"அவங்க வாயைத் திறந்தாங்க. மேலேருந்து நான் பார்த்தேன். அணைக்கலாமா வேண்டாமான்னு ஒரு நொடி கை நின்னுச்சு. உன் எழுத்தாச்சே, தப்பா இருக்காதுன்னு அணைச்சேன்." அவர் குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சுதான் எழுதினியா?"

"நமக்காகத்தான்..."

"நமக்காகவா? என் கையால ஒருத்தியை இருட்டுல தள்ளிட்டு, நமக்காகன்னு சொல்றே." தாளை அவள் கையில் வைத்தார். "கல்யாணப் பேச்சை அப்புறம் பார்க்கலாம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. இனிமே உன் கையெழுத்தை நம்பி நான் ஒரு விளக்கையும் அணைக்க மாட்டேன்."

ஒயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பேனா எழுத்து மேஜைக்கு வந்தபோது அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். முன்னால் வெள்ளைத் தாள்கள், சிவப்பு மைப் புட்டி.

"எத்தனை தாள் எழுதினே?"

"மூணும்மா."

"அவளுக்கு?"

"அவங்களுக்கு எழுதலை."

அம்மா தலையாட்டினாள். அழுகை இல்லை. அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"என்னைக் கவுக்க அன்னைக்குத் தாள்கூடத் தேவைப்படலை. அவரே ராஜா, அவரே கேக்கலை." மகளின் கையைப் பிடித்து மைக்கறையைத் திருப்பிப் பார்த்தாள். "உங்கப்பனாவது ஆம்பளை. நீ எதுக்குடி இதைப் பண்ணே? புருஷன் கிடைப்பான்னா?"

பேனா கையை உருவிக்கொண்டாள்.

"நாளைக்கு நல்லவ நாடகம். கிழவன் வாசலுக்கு வந்து நிப்பான். நீ 'வந்துவிட்டீர்களா?'ன்னு கேக்கணும். அதுதானே அவருக்கு சிவப்பு வரி?"

"ஆமாம்மா. அதுக்கப்புறம்தான் மன்னிப்பு கேக்கற பேச்சு. ஜனம் தேம்பித் தேம்பி அழும்."

"கேக்காதே."

"அம்மா!"

"கேக்காம எழுந்து உள்ளே போயிடு. சாகாதே. அவர் வாயைத் திறந்துகிட்டு நிக்கட்டும். இடி, இருட்டு, திரை. அவர் தாள்ல கை வைக்காதே, மத்த ரெண்டு பேர் தாளை மட்டும் மாத்து. ஆட்டம் முடிஞ்சதும் அவர்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்கு மனப்பாடமா தெரியும்."

"நாளைக்குத்தான்மா அவங்க வீட்டுக்காரங்க வராங்க. அப்பா பேச..."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். நீ இழக்க ஒண்ணும் இல்லேன்னா இதைச் சொல்லவே மாட்டேன்."

அம்மா ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். மைப் புட்டியின் மூடியைத் தானே திருகித் திறந்தாள்.

"முதல்ல லைட்டுக்கு எழுது."

பேனா உட்கார்ந்தாள். அவள் கையெழுத்தை இனி நம்பமாட்டேன் என்றவருக்குத்தான் முதல் தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தாள். காலையில் முத்து முத்தாக விழுந்த எழுத்து, இப்போது கோணலாக விழுந்தது.